உம் கொட்டிய கிணறு

எங்கள் அரண்மனை கதைக்குத் தடை போட்டதில்லை.
போட்டது என்று சொன்னால் பொய்.
யாரும் எதையும் சொல்லலாம்.
எதிரே இருப்பவன் 'உம்' கொட்டக் கூடாது,
அவ்வளவுதான்.
ஒரு உம்முக்கு ஒரு மரக்கால் நெல்,
ராத்திரி கொட்டினால் இரண்டு.
திசையன்விளைக் கச்சேரியில்
இருபத்தெட்டு வருஷம் எழுதியவன் நான்.

முதல் வருஷம் ஏடு நிறைந்தது.
மூன்றாம் வருஷம் பாதி.
அப்புறம் வெறும் தேதிகள்.
"ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று தொடங்குகிறவர்கள்
எதிர்முகத்தைப் பார்ப்பார்கள்,
வெந்நீர் பட்ட நாக்குபோல இழுத்துக்கொள்வார்கள்.
ராஜா அந்த ஊரிலேயே நின்றுபோனார்.
வேட்டைக்கும் போகவில்லை,
சாகவும் இல்லை.

கதையோடு முறையீடும் போயிற்று.
களத்தில் அளவு குறைந்ததை
யார் யாரிடம் சொல்ல?
அரண்மனை எதிர்பார்த்தது நெல்லை அல்ல
என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முப்பிடாதி வந்தாள்,
கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிய வண்டியோடு.
"நெல்லு அரண்மனைக்குப் போச்சு, சரி.
பிடிச்ச உம்மெல்லாம் எங்க வே போச்சு?"
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.
ஏட்டின் கடைசிப் பக்கத்தில்,
மை வெளுத்த ஒரு வரி:
தேரிக் கிணற்றில் சேர்த்தாயிற்று.

அந்தக் கிணறு எனக்குத் தெரியும்.
ஐப்பசி வெள்ளம் மூன்று ஓடையாக உள்ளே விழும்,
ஒரு சாண் ஏறாது.
கல்லைப் போட்டால் சத்தம் வராது.
சர்க்கார் ஆள் இல்லாமல் போகக் கூடாதென்று
நானும் வண்டியில் ஏறினேன்,
ஏடு, மைக்கூடு, அரிக்கேன் விளக்கு சகிதம்.

தேரியில் சிவப்பு மணல் ராத்திரி இடம் மாறும்.
எங்கள் வண்டித்தடத்தை எடுத்து
வேறு திசையில் போட்டுவிட்டது.
மாடுகள் தங்கள் குளம்படியை எதிரே கண்டு மிரண்டன.
கழுத்துவரை புதைந்த பனைகள்
ஓலையை அசைத்துக் கேட்டன:
"யாரது?"
பதிலாகச் சொல்லும் பேர் மணலுக்குச் சொந்தம்,
ஊரில் எல்லோருக்கும் தெரியும்.
அவள் யோசிக்கவே இல்லை.
"கச்சேரிக் கணக்கு ..................." என்றாள்.

அந்தப் புள்ளிகள் இருக்கும் இடத்தில்
என் பேர் இருந்தது.

மூன்றாம் நாள் கிணற்று வாயில்
குப்புறப் படுத்து அவள் சொன்னாள்:
"களஞ்சியத்துக்கு அஸ்திவாரம் தோண்ட
எட்டுப் பேரு இறங்குனாங்க."
கிணறு பேசாமல் கிடந்தது.
"ஏழு பேருதான் ஏறுனாங்க."
பேசாமல் கிடந்தது.
"எட்டாவது ஆளு என் தம்பி மாசானம்.
அன்னைக்குக் கூலி ஏட்டுல
ஏழுன்னு ஒருத்தன் எழுதுனான்."

அந்த ஏழு எனக்கு ஞாபகம் இருந்தது.
எட்டு என்று தொடங்கி
மை காய்வதற்குள் திருத்தியது.
தொண்டையில் பனஞ்சிராம்புபோல ஏதோ குத்தியது.
கிணற்றுக்குள்ளிருந்துதான் வரும் என்று
இருவரும் காத்திருந்தது
என் வாயிலிருந்து வந்தது:
"உம்."

அப்போதுதான் கிணறு நிரம்பத் தொடங்கியது.
தண்ணீர் அல்ல.
கைப்பிள்ளையின் உம்,
வெற்றிலை மென்றபடி ஒரு உம்,
பாதித் தூக்கத்தில் ஒன்று,
நம்பாமல் கொட்டிய ஒன்று,
அடுத்து என்ன ஆச்சு என்று அவசரப்பட்ட ஆயிரம்,
விளிம்பு தாண்டி வழிந்து
மணலை நனைக்காமல் ஊர்ப்பக்கம் ஓடின.
மாடுகள்கூடத் தலையாட்டின.

திரும்பி வந்ததும் ஏட்டைத் திறந்தேன்.
விதி விதிதானே.
குற்றம்: உம் ஒன்று, பகலில்.
அபராதம்: ஒரு மரக்கால்.
பேர் என்ற கட்டத்தில் பேனா நின்றது,
மை சொட்டிப் பொட்டாகப் பரவியது.
சேவகர்கள் வந்து பார்த்தார்கள்.
இல்லாத பேருக்கு எப்படி ஜப்தி செய்வது?

இப்போது நேற்றிலிருந்து
தேரிக்குப் போகிற வண்டிகளில் இடமில்லை.
பேரைத் தொலைத்து வருகிறார்கள்,
ஆணும் பெண்ணும், கச்சேரிச் சேவகன் ஒருவனும்.
முப்பிடாதிக்கு மட்டும் பேர் இருக்கிறது.
சொல்கிறவளுக்கு அது வேண்டுமாம்.

சந்தை மடத்தில் கூட்டம்.
"எட்டுப் பேரு இறங்குனாங்க," என்கிறாள்.

உம்.