வியாழன் நண்பகல் வரை

ஈரமானியைச் சுவரில் வைத்தாள் ஆய்வுக்கு வந்த பெண்.
இருபத்தைந்து வயதிருக்கும். காலுறையில் ஓட்டை.
கருவி கத்தியது. அவள் கத்தவில்லை.
"இங்கே கொஞ்சம்," என்றாள். பிறகு, "இங்கேயும்."
குளியலறைக்கும் சவுனாவுக்கும் நடுச்சுவரில்
ஒரு ரொட்டியளவு சதுரம் அறுத்துப் பார்த்தாள்.
மரத்தூள். கறுத்த பலகை.
போர் முடிந்தபின் வந்த ஏதோ ஒரு நாளிதழ்:
குதிரை விற்பனைக்கு, ஐந்து வயது, சாது.
விலை இருந்த இடம் கிழிந்திருந்தது.

அறிக்கை பதினொரு பக்கம்.
சரிசெய்ய நாற்பத்தெட்டாயிரம் யூரோ,
'குறைந்தபட்சம்' என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு.
கயானியின் இந்த ஓரத்தில்
வீட்டை விற்றாலும் அவ்வளவு தேறாது என்று
வங்கிக்காரர் மிக மரியாதையாகச் சொன்னார்,
காபியும் கொடுத்து.

யோர்மா பேசுகிறவர் அல்ல.
மின்கட்டண உறையின் பின்புறம் நான் கோடு கிழித்து
இருந்தால் இந்தப் பக்கம், போனால் அந்தப் பக்கம்
என்று எழுதிக்கொண்டிருக்கையில்
எழுந்து போய்
சமையலறைக் குழாயின் சொட்டை நிறுத்தினார்.
ஒன்பது வருடச் சொட்டு.
எந்தப் பக்கத்தில் அதை எழுதுவதென்று தெரியாமல்
இரண்டிலும் எழுதினேன்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால்
புதுக் குடியிருப்பு, மூன்றாம் மாடி.
மின்தூக்கி உண்டு. பனி வாருவது வேறொருவர் வேலை.
மைனஸ் இருபத்தாறில்
தரைக்குள் வெப்பம் ஓடுகிறது, பாதம் அறிந்தது,
பாதம் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டது.
யோர்மா சுவரைத் தட்டிப் பார்த்தார்.
சுவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டைக் கட்டிப்பார் என்கிறார்கள்.
விட்டுப்பார் என்று எவரும் சொல்லிவைக்கவில்லை.

விற்பதென்றால் வீடு பார்க்கும்படி இருக்க வேண்டுமாம்.
அப்படித்தான் தொடங்கியது.
மாடிப்படியின் அழுகிற நாலாவது பலகை.
ஜன்னல் கொக்கி.
இருபத்திரண்டு வருடமாக நான் கேட்ட அலமாரி
ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது,
யாரோ ஒருத்தியின் ஜாம் பாட்டில்களுக்காக.
பிறகு சவுனாக் கதவு.
இடது கீழ்மூலையில் உதைத்தால்தான் திறக்கும் கதவு,
எங்கள் சைமியின் எட்டு வயதுக் குதிகாலும்
பதினெட்டு வயதுக் கோபமும்
ஒரே குழியாகப் பதிந்த இடம்.
கழற்றி, இழைத்து, மாட்டினார்.
இருபது நிமிடம். காபி ஆறவில்லை.
கேட்க வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.

சனிக்கிழமை, துண்டைத் தோளில் போட்டு
வழக்கம்போல் உதைத்தேன்.
கதவு பறந்துபோய்ச் சுவரில் மோத
வாளி உருண்டது, அகப்பை உருண்டது.
மேல்பலகையில் வியர்த்தபடி யோர்மா,
"இனிமேல் அதற்கு வலிக்கும்" என்றார்.

பார்க்க வந்தவர்கள் சோத்காமோக்காரர்கள்.
அவன் தச்சன்; அவள் ஏழு மாதம்.
ஓட்டையை மறைக்கவில்லை நாங்கள்.
அவன் அதற்குள் முழங்கைவரை கை விட்டு
பிறகு மோந்து பார்த்தான், மீன்காரன்போல.
அவள் குனிந்து படித்துவிட்டு,
"குதிரை விற்றுப்போயிற்றா?" என்றாள்.
தெரியாது என்றேன்.
விற்றிருக்கக் கூடாது என்று எனக்கு ஏன் தோன்றியது,
அதுவும் தெரியாது.

நாற்பத்தோராயிரம். சுவரை அவர்களே பிரித்துக்கொள்வார்கள்.
பதில், வியாழன் நண்பகலுக்குள்.

புதன் இரவு.
கணக்கெல்லாம் போகும் பக்கமே சாய்ந்திருக்கிறது,
எத்தனை முறை கூட்டினாலும்.
தூக்கம் வரவில்லை; சொட்டு இல்லாத இருட்டுக்கு
நீளம் தெரியவில்லை.
பக்கத்தில் படுக்கை லேசானது.
நாலாவது பலகை சத்தமின்றி அவரை இறக்கிவிட்டது.
கீழே விளக்கு எரியவில்லை.
குறடு எதையோ கவ்வும் ஒலி,
கால் சுற்று, அதற்கும் குறைவு.

ஒரு சொட்டு.
நான் எண்ணத் தொடங்குவதற்குள்
இன்னொன்று.