மாதிரிப் பை

மருத்துவர் இரண்டு படம் வரைந்தார்.
குடலை வெட்டித் தைத்த புதுப் பை உள்ளே,
இரவிலும் மூன்று மணிநேரத்துக்கொரு அலாரம்;
அல்லது பை வெளியே, தொப்புளுக்கு வலப்பக்கம்.
"வியாழனுக்குள் சொல்லுங்கள்."

இரெனியுஷ் முப்பது வருடம்
லோட்ஸ் நகரில் டிராம் ஓட்டியவன்.
கடைசி நிறுத்தம்வரை அடக்கத் தெரிந்தவன்.
இதையும் அப்படித்தான்
அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

செவிலி தந்த மாதிரிப் பையில்
வெதுவெதுப்பாய்த் தண்ணீர் நிரப்பி
என் வயிற்றில் ஒட்டிக்கொண்டேன்.
பீட்ரூட் பொறுக்கக் குனிந்தேன்.
அவனுடைய பதினோராம் எண் டிராமில் நின்றேன்.
யாரும் பார்க்கவில்லை.
இரவு புரண்டபோது ஓரம் பிரிந்து
மெத்தையெல்லாம் ஈரம்.

விளக்கைப் போட்டான்.
"வாண்டா, நீ ஏன்..."
முடிக்கவில்லை.
விரிப்பின் அந்த முனையைப் பிடித்து உருவினான்,
நான் இந்த முனையை.

புதன் பிறந்து
இருபது நிமிடம் ஆகியிருந்தது.