நாடகமில்லா முன்னிசை

ஆய்வுக்காக வந்த பெண் கேட்டாள்:
"நடுவில் பதினாறு எண்ணும்வரை வாத்தியங்கள் மௌனம்.
அது கோட்டையில் செத்தவர்களுக்கான அஞ்சலிதானே?"
நான் அவளுக்கு மோர் ஊற்றினேன்.

யாபேஸ் துரைக்கண்ணுவுக்கு
மிஷன் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் இராப்பணி.
பாழான படங்களின் பழுப்பு உறைகளைப் பிரித்து
உள்பக்கம் ஐந்தைந்தாகக் கோடு கிழித்து
எழுபத்தொன்பது மே முழுக்க எழுதினார்.
வெளிப்பக்கம் யாரோ ஒருவரின் இடுப்பு, வயது நாற்பது.
உள்பக்கம் வயலின்கள்.

நாடகம் பள்ளிகொண்டா மாசிலாமணியுடையது.
சிப்பாய்கள் எழுந்த இரவு, மூன்று அங்கம்.
முதல் அங்கம் முடியுமுன்
பிலாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.
மிச்சம் தபாலில் வரும் என்றார்.

ஓபோவுக்கு வேலூரில் எங்கே போவது?
செல்லோ ஒன்று, அதற்கும் மூன்றே தந்தி.
டிரம்பெட் காட்பாடி ரயில்வே கார்டு டிக்ரூஸ்;
சரக்கு வண்டி தாமதமென்றால் டிரம்பெட்டும் தாமதம்.
ஆம்பூர் தோல்மண்டிக் கணக்கர் ஹிதாயத்துல்லா
கல்யாண பேண்டின் யூஃபோனியத்துக்கும் சேர்த்து
பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்து வருவார்.
பெரிய முரசு, ஜெயில் வார்டர் முனிரத்தினம்.
இரண்டாம் கிளாரினெட் நான்.
முதல் கிளாரினெட் என்று எவரும் இல்லை.

எனக்குப் பிசிறில்லாமல் வந்தவை பதினொரு சுரங்கள்.
அந்தப் பதினொன்றை மட்டும் வைத்தே
எனக்கொரு தனிப் பகுதி எழுதிக் கொடுத்தார்.
திட்டமிட்ட எளிமை என்று ஆய்வேட்டில் வரப்போகிறது.

முனிரத்தினத்துக்கு ஓங்கி அடிக்க ஆசை.
ஆரம்பமே ஏன் இவ்வளவு மெதுவாக என்றார்.
"மணி ராத்திரி இரண்டரை.
தூங்குகிறவன் பக்கத்தில் போகிறவன் எப்படிப் போவான்?
நீங்கள் செல் வரிசையில் ரோந்து போவீர்களே,
அப்படி அடியுங்கள்."
அன்றிலிருந்து முரசுக் கோலை
சாவிக்கொத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தார்,
ஒன்றோடொன்று உரசாமல்.

அந்தப் பதினாறு எண்ணிக்கை
எட்டேகால் மின்வெட்டுக்காக.
கரண்ட் போனதும் பெட்ரோமாக்ஸை
முன்வரிசைக்கு நகர்த்த ஆகும் நேரம்.
ஒத்திகையில் எண்ணிப் பார்த்தே எழுதினார்.
அரங்கேற்றத்தன்று கரண்ட் போகவில்லை.
பள்ளிக்கூட ஹாலில் அத்தனை விளக்கும் எரிய
வாத்தியத்தை வாயில் வைத்தபடி
சும்மா இருந்தோம்.
எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசி ஒலியும் முடிகிற ஒலியல்ல.
கதவில் கை வைத்தவனைப்போல
முன்னால் சாய்ந்து நிற்கும்.
திரை இழுக்கிற எத்திராஜுக்கு
நாடகம் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை.
இழுத்துவிட்டான்.

அட்டைக் கோட்டைச் சுவர். ஒரு ஸ்டூல்.
அதன்மேல் எவரோ மறந்த பசைக் கிண்ணம்.
அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
மின்விசிறிக் காற்றில்
கோட்டை லேசாக அசைந்தது.
ஒருவரும் எழவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டு இருட்டில் ஒரு குரல்:
"நீரில்லா ஆறு, ராஜாயில்லாக் கோட்டை,
சாமியில்லாக் கோயில்,
இப்ப நாடகமில்லா முன்னிசை."
முதலில் சிரித்தது யாபேஸ்தான்.

எண்பத்தொன்றில் கோயிலுக்குச் சாமி வந்துவிட்டது.
இரண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பரில் பாலாறு வந்தது,
கரை தொட்டு, செம்மண் நிறத்தில்.
பாலத்தில் ஊரே செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்க
என் விரல்கள் கைப்பிடிச் சுவரில்
பதினொன்றையும் ஒருமுறை வாசித்துப் பார்த்தன.
யாபேஸ் போய் ஒன்பது வருஷம் அப்போது.
பிலாய்த் தபால் இன்னும் வரவில்லை.

எல்லாம் சொன்னேன்.
பெட்ரோமாக்ஸில் அவள் பேனா நின்றுவிட்டது.
"இதைப் போடலாமா சார்?"
போடம்மா.
அன்றைக்குக் கரண்ட் போகவில்லை,
அதையும் சேர்த்துப் போடு.