பதினேழு காலடி

பதினொரு சீசன்
லெமுவெல் ஆர்சனோவுக்கு ஒரே வேலை:
வருகிறவனை வரவிடாதே.
பந்து எப்போதும் அடுத்தவன் சொத்து.

ஒருமுறை, பஃபலோவில், பனி கொட்டும் டிசம்பரில்
எவனோ நழுவவிட்டது
நெஞ்சில் பட்டுக் கைக்குள் விழுந்தது.
ஓடினான்.
எதிரே ஒருவரும் இல்லை.
மோத ஆளில்லாத வெளியில்
எப்படிப் போவதென்று தெரியாமல்
திரும்பிப் பார்த்தான்.
பின்னாலிருந்து சாய்த்தார்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
லாக்கரைக் காலி செய்யச் சொன்னார்கள்,
காபி ஆறுவதற்குள்.

இப்போது லேக் சார்ல்ஸில்
திசைக்கொன்றாய்க் கோணிய விரல்கள்.
சட்டைப் பொத்தானை யுலாலி போடுகிறாள்.
சிலநாள் அவள் பெயரே
தாமதமாகத்தான் வருகிறது.

பனி என்றால் போதும்,
"பதினேழு காலடி" என்பான் சட்டென்று.
"திரும்பாமல் இருந்திருந்தால்" என்பாள் அவள்,
ஒரு துளை தள்ளி
பொத்தானை மாட்டியபடி.