வெளிறிய கல்

"உடம்புக்குள் இரும்பு ஏதும் உண்டா?"
எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.
பிர்யேர் நிஸ்கா சிரித்தார்.
"முப்பத்தோரு வருஷம் இரும்புக்குள் நான் இருந்தேன்.
எனக்குள் அது இருக்கிறதா என்று
நீயே பார்த்துச் சொல்லேன்."

பார்த்தோம். முதலில் கண்குழிக்கு ஓர் எக்ஸ்ரே.
கிரூனா சுரங்கத்தில் துளைபோட்டவர்களை
அப்படியே உள்ளே விடமாட்டோம்.
இமைக்கடியில் பொடி ஒன்று உறங்கினாலும்
காந்தம் தட்டி எழுப்பிவிடும்.
ஒன்றுமில்லை.

பிறகு நாங்களே ஏற்றினோம், சொட்டுச் சொட்டாக.
ஆறிய கடுங்காப்பி நிறத்தில் ஒரு பை.
மயிரிழையை ஆயிரம் கூறிட்டு
அதிலும் பாதிக்குக் கீழே ஒவ்வொரு துகளும்.
கண்ணாடி போட்டுச் சீட்டை வாசித்தார்:
"இரும்பு ஆக்சைடு. அட, எங்கள் கல்!"
மலையைக் குடைந்து நார்விக்குக்கு ரயிலேற்றியது
ஊசி வழியாகத் திரும்பி வருகிறது என்றார்.
ஊரையே பெயர்த்துத் தள்ளி வைத்தாயிற்று,
பாவம், அதற்கு வேறு முகவரி தெரியவில்லை.

விளக்கினேன்.
காவல் அணுக்கள் இதை விழுங்கிக்கொண்டு
நெறிகட்டும் இடங்களில் போய் உட்காரும்.
உட்கார்ந்த இடம் மறுநாள் படத்தில் கறுக்கும்.
நோய் குடியேறிய கணுவில் விழுங்க ஆளில்லை,
அது வெள்ளையாகவே நிற்கும்.

அவருக்கு இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.
நிலத்தடியில் கறுத்தது தாது.
வெளிறியது வெறுங்கல்,
அதை வெட்டினால் கூலியில்லை.

மறுநாள் நாற்பது நிமிடம் குழாய்க்குள்.
கதவைத் தட்டும் கடன்காரனைப் போல இயந்திரம்.
அவர் தூங்கிவிட்டார்.
என் திரையில் சாம்பல் அடுக்குகள் ஒவ்வொன்றாய் இறங்கின.
கறுப்பு.
கறுப்பு.
மிளகு மிளகாகக் கறுப்பு.
இடப்பக்கம், இரத்தக்குழாய் பிரியும் கவட்டில்,
அரிசி நொய் அளவில் ஒன்று மட்டும்
எதையும் தின்னாமல்.

சொல்ல எனக்கு உரிமையில்லை.
திங்கட்கிழமை டாக்டர் கூப்பிடுவார் என்றேன்.
மோதிரமும் கைக்கடிகாரமும் இருந்த தட்டை நீட்டினேன்.
என்னைப் பார்த்துக்கொண்டே வாரைக் கட்டினார்,
ஓட்டை தப்பியது,
அவிழ்த்து மறுபடி கட்டினார்.
தலைவிளக்கு வெளிச்சத்தில்
முகம் படித்துப் பழகிய மனிதர்.

"எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

உமியோவில் டிசம்பர். மணி மூன்று.
ஜன்னல் முழுக்க இருட்டு.
கிரூனா ரயில் எத்தனை மணிக்கு
என்று கேட்டேன் நான்.