ஒரு ஜி.பி.க்கு மேல்

இடமில்லை என்கிறது சர்வர்.
அங்கேரிப்பாளையம் ரோட்டில் இரவு ஒன்றே முக்கால்.
பேக்கிங் ஹாலில் டேப் கிழிபடும் சத்தம் நின்றுபோய்
மின்விசிறிகள் மட்டும் கத்திரி வெயிலின் மிச்சத்தைச் சுற்றுகின்றன.
வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் ஏறவேண்டிய பெட்டிகள்
ஸ்டிக்கர் இல்லாமல் ஊர்பேர் தெரியாமல் நிற்கின்றன.

போனில் சென்னியப்பன் அண்ணன்:
"ஏனுங் திலகமணி, எது இடத்தப் புடிச்சிருக்குது?
பெருசாப் பாத்துத் தூக்கி வீசுங்."

பெருசு. அது சுலபம்.
குழாய்க்குக் குழாய் கோத்து ஒரு ஸ்கிரிப்ட்.
டியூ அளக்கும், சார்ட் அடுக்கும்,
ஆக் வரிவரியாய்க் கையிலெடுத்து
ஒரு ஜி.பி.க்கு மேலென்றால் வைத்துக்கொள்ளும்
கீழென்றால் நழுவவிடும்.

முதல் ஓட்டத்தில் ஒன்பது ஜெயித்தது.
எண்பதும் நூற்றிருபதும் அதன் காலடியில்.
எண் என்று சொல்லாவிட்டால்
எழுத்து என்று எடுத்துக்கொள்ளும்,
முதல் இலக்கத்தின் முகம் பார்த்து நிறுத்தும்.
(கல்யாணப் பந்தியில் பார்த்திருக்கிறேன் இந்த வரிசையை.)

இரண்டாவதில் அலகு குழம்பி
தொள்ளாயிரம் எம், இரண்டு ஜி-யை முந்தியது.
எல்லாவற்றையும் கே.பி.யில் சொல் என்றேன்.

மூன்றாவதில்
ஆயிரத்து நானூறு வரிகள் ஐந்தாய் வடிந்தன.
மூன்று மாதக் கேமராப் பதிவு,
அதில் பெரும்பாலும் கேட்டோரம் தூங்கும் நாய்.
பையர் அனுப்பிய ஒரே படம் ஏழு பெயரில்.
பைனல். பைனல் புதுசு. இதுதான் பைனல்.

இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். அழித்தேன்.
முப்பத்தொரு சதம் காலி என்றது டிஎஃப்.
கீழே பிரின்டர் கனைத்தது.
"ஆச்சுங்களா, ஆச்சுங்களா" என்று மாரப்பன் மாடிப்படியில் ஓடிவந்தான்.
ஆகவில்லை.
சரியாய் இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்டிக்கர் அடித்து
மறுபடி இடமில்லை.

மணி மூன்று.
இடமிருக்கிறது, இடமில்லை.
டீ ஆறியதற்கப்புறம்தான் உறைத்தது.
கேட்ட கேள்வி தப்பு.
எவ்வளவு என்று கேட்டேன், எத்தனை என்று கேட்கவில்லை.

நிலம் கிடக்கிறது, பேர் பதியத்தான்
பதிவேட்டில் வரி இல்லை.
நாற்பது லட்சம் பேர் முன்னமே எழுதப்பட்டிருந்தன.
ஆளுக்கு நாலே கே.பி.,
பார்கோடுப் படங்கள், ஒட்டி முடித்த பெட்டிகளுடையவை.
நாளுக்கொரு ஃபோல்டர், ஃபோல்டருக்கு எண்பது எம்.பி.,
இருநூறு நாள்.
ஒவ்வொரு இரவும் என் ஒரு ஜி.பி. சல்லடையில்
உமியாய் இறங்கிப் போயிருக்கின்றன.
தாய் ஃபோல்டரில் கூட்டிக் காட்டியிருக்கும்;
இரட்டைக் கணக்கு வேண்டாம் என்று
அதை நிறுத்தியவளும் நான்தான்.

அவற்றைப் பெற்றுப் போட்ட ஸ்கிரிப்டைத் திறந்தேன்.
முதல் வரியில் ஒரு குறிப்பு:
'தற்காலிகம். தீபாவளி கழிச்சு எடுக்கோணும். – தி.ம.'

அழிக்க அழிக்க வெளுத்தது கிழக்கு.
பொடக்காளியில் வேஸ்ட் துணிக்காரர்
சாக்கைத் தராசில் ஏற்றுகிறார்.
கழுத்தோரம் வெட்டிய நறுக்கு, கைவளைவில் வெட்டிய நறுக்கு,
ஒரு நறுக்கை ஊதினால் பறக்கும்.
சாக்கைத் தூக்க மூன்று பேர்.

ஆக் வரியில் கொஞ்சம் சேர்த்தேன்.
கீழே விட்டதையெல்லாம் விடும்போதே எண்ணிக்கொள்,
கூட்டிக்கொள், கடைசியில் ஒரே வரியாய்ச் சொல்.

எட்டு மணிக்கு ரிப்போர்ட்டைத் தாட்டிவிட்டேன்.
ஐந்து பெரியவர்கள் பேர்,
அதற்கடியில்
மற்றவை: நாற்பது லட்சம், பதினாறு ஜி.பி.

உடனே போன்.
"ஏனுங், கடைசீல மற்றவைன்னு போட்டிருக்குது,
ஆருங் அது?"

பெட்டிகள் லாரியில் ஏறும் சத்தம்
அவருக்கும் கேட்டிருக்கும்.

நானுங், என்றேன்.