மீதி இரண்டடி

பதினோராவது நாளாக அப்பா
நியேரி மருத்துவமனைப் பிணவறையில்.
நாளொன்றுக்கு இவ்வளவு என்று ரசீது தருகிறார்கள்.
அவர் பெயருக்கு வந்த முதல் அரசாங்கத் தாள்.

சித்தப்பா கிபுச்சி தேயிலைக்கு நடுவே நின்று சொல்கிறார்:
"இங்கே புதைக்க விடமாட்டேன்.
கல்லறை நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்லும்."
சரிதான்.
எங்கள் பக்கம் பட்டாவுக்கு முந்திய பட்டா
எலும்புதான்.

ஐம்பத்து மூன்றில் அப்பா
கழுத்தில் தொங்கிய கிபாண்டேத் தகரத்தை அறுத்து
அடுப்பில் எறிந்துவிட்டுக் காட்டுக்குப் போனார்.
சித்தப்பா துரை கொடுத்த துப்பாக்கியோடு
காவல் கோபுரம் ஏறினார்.
இருவரும் குடித்தது ஒரே பால்,
இருவருக்கும் இருந்தது ஒரே பயம்.
காட்டில் இருப்பவனுக்கு வரைபடத்தில் இடமில்லை என்று
பிரஸ்காட் துரை சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார்.
எட்டு ஏக்கரும் ஒரே பெயரில் ஏறியது.
துரை கப்பலேறிவிட்டார்.
கோடு ஏறவில்லை.

மேட்டில் துரையின் நாய்கள் மூன்றுக்குக் கல்லறை உண்டு.
பெயர், வருஷம், ஒன்றின் கீழே
'நன்றி மறவாதவன்' என்று ஒரு வரி.
அந்தக் கற்களை ஆற்றிலிருந்து சுமந்தவர் அப்பா.
இன்றுவரை சித்தப்பா அங்கே செடி வைத்ததில்லை.

வக்கீலுக்குப் படித்த முரியிதி, சித்தப்பா மகன்,
ஒரு தாள் கொண்டுவருகிறான்.
இந்த அடக்கத்தால் எந்த உரிமையும் எழாதாம்.
எல்லாம் இங்கிலீஷில்.
அம்மா கட்டைவிரல் வைத்தால் போதும்.
அம்மா மைப்பெட்டியைப் பார்க்கிறாள்.
தடுப்பு முகாமில் ஒருமுறை பிடித்து உருட்டிய விரல்.
"எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும்
என்னிடம் விரலைத்தான் கேட்கிறார்கள்."
எழுந்து செருப்பைத் தேடுகிறாள்.

நான் நில அளவை அலுவலகக் குமாஸ்தா.
பதினான்கு வருஷமாக அடுத்தவர் எல்லைகளுக்கு நகல் எடுப்பவள்.
அன்றிரவு பழைய தாளை விரித்தேன்.
ஓடைப் பக்கம் துரையின் பேனா நடுங்கியிருக்கிறது,
மலேரியாவோ விஸ்கியோ.
சாலையும் ஓடையும் சித்தப்பாவின் வேலியும்
முட்டிக்கொள்ளும் மூலையில்
நாலடி நீளம், மூன்றடி அகலம்
எவர் பெயரிலும் இல்லை.

அப்பா ஆறடி.
கடைசியில் ஆறடிதான் சொந்தம் என்பார்கள்.
அதிலும் குறைந்தது.

விடியுமுன் ஐந்து பேர் வெட்டினோம்.
தலை ஓடைப் பக்கம்.
மீதி இரண்டடிக்கு வேலிக்கடியில் குடைந்தோம்.

டார்ச் வெளிச்சம் ஒன்று தேயிலைக்குள் இறங்கி வந்தது.
மண்வெட்டிகள் நின்றன.
சித்தப்பா குழியைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
முள்கம்பியின் கீழிழையை
இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்தார்,
பெட்டியின் கால்மாடு உள்ளே போகும்வரை.

"கால்தான் முதலில் வீடு சேர்கிறது"
என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல்.

பிறகு அவர் கையை எடுத்தார்.
கம்பி அதிர்ந்து, அதிர்ந்து,
பழைய இடத்திலேயே போய் நின்றது.